மலைக்குப் போகிற தாய்க்குப் பால் ஏன் குறைகிறது

ஹப்புத்தளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுல என்று ஊவாவின் எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் இளந்தாய்மார் வாயில் வரும் கவலை ஒன்றுதான்: "பால் பத்தல." பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் இந்தப் பேச்சு ஒருமுறை எழும். பிரசவ லீவு முடிந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கியதும் மறுபடி எழும். அப்போது லயத்தில் உள்ளவர்கள் சொல்லும் காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான்: தாய் மெலிந்தவள், இரத்தம் குறைந்தவள், அவள் உடம்பில் பாலுக்கு எங்கே போவது? இந்தக் காரணம் பெரும்பாலும் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பால் குறைவது உடம்பு பலவீனமாக இருப்பதால் அல்ல, ஒரு தடவை பாலூட்டுவதற்கும் அடுத்த தடவைக்கும் இடையில் நேரம் நீண்டுவிடுவதால்தான். காரணத்தை உடம்பில் தேடினால் கடைசியில் பால்மா பெட்டியில் போய் நிற்போம். நேரத்தில் தேடினால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அவற்றில் சில உங்கள் கையிலும், சில வீட்டார் கையிலும், சில சட்டப்படி தோட்ட நிர்வாகத்தின் கையிலும் உள்ளன.

பால் எப்படிச் சுரக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். பிள்ளை மார்பை உறிஞ்சும்போது தாயின் மூளையில் இரண்டு ஹோர்மோன்கள் சுரக்கின்றன. புரோலக்டின் பாலை உண்டாக்கும். ஒக்சிடோசின் உண்டான பாலை மார்பிலிருந்து இறக்கிவிடும். பிள்ளை எத்தனை தடவை, எவ்வளவு நன்றாகக் குடிக்கிறதோ அதற்கேற்பவே அடுத்த சுரப்பு அமையும். மார்பில் பால் தேங்கி நின்றாலோ, தேங்கிய பாலில் உள்ள ஒரு பொருளே சுரப்பிகளுக்கு 'போதும், நிறுத்து' என்று சொல்லிவிடும். ரவுண்டு தவறாமல் எடுத்தால்தான் கொழுந்து தளிர்க்கும், விட்டுவிட்டால் முற்றிப்போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, மார்பும் அப்படித்தான். ஆகவே 'பால் ஊறட்டும், பிறகு கொடுக்கலாம்' என்று காத்திருப்பது பாலைக் குறைக்கும் வழி. குறைகிறது என்று தோன்றினால் இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும். புரோலக்டின் இரவில் கூடுதலாகச் சுரப்பதால், களைப்பாக இருந்தாலும் இரவுப் பாலை நிறுத்தக் கூடாது. பகலில் மலையில் இருக்கும் தாய்க்கு இரவில்தான் இழந்ததை மீட்க முடியும்.

மெலிந்த தாய் என்ற வாதத்துக்கு வருவோம். ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனபா என்ற கிராமத்தில் 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வயல்வேலை செய்யும், அரைவயிற்றுச் சாப்பாடு சாப்பிடும் பாலூட்டும் தாய்மாருக்கு நாள்தோறும் மேலதிக உணவு கொடுத்துப் பார்த்தார்கள். தாய்மாருக்கு அது நல்லதே செய்தது. ஆனால் அவர்கள் சுரந்த பாலின் அளவு கூடவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பும் அது குறையவில்லை. பஞ்ச காலத்தைப் போலக் கடுமையான பட்டினியைத் தவிர மற்ற நிலைகளில், உடம்பு தன்னைக் குறைத்துக்கொண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துவிடுகிறது. இதைக் கேட்டு 'அப்படியென்றால் தாய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை' என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். உண்மை அதற்கு நேர்மாறானது. விலையைத் தாயின் எலும்பும் இரத்தமும் கொடுக்கின்றன. சில விட்டமின்கள் தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறையும். பாலூட்டும் தாய்க்கு வழமையைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. ஒரு நேரச் சோறும் கறியும் கூடுதலாகச் சாப்பிட்டால் அது கிடைத்துவிடும். பருப்பு, முருங்கைக்கீரை, நெத்தலிக் கருவாடு, முட்டை எதுவானாலும் சரி. அவள் சாப்பிட வேண்டியது பால் ஊறுவதற்காக மட்டுமல்ல, அவளும் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு மிஞ்சியதை அவள் சாப்பிடும் வழக்கத்தை இந்தக் காலத்திலாவது வீட்டார் கைவிட வேண்டும்.

இன்னொரு கேள்வியும் நியாயமாகவே எழும். தாய்ப்பால் அவ்வளவு போதுமானதென்றால் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள்? 2016ஆம் ஆண்டு நாடு தழுவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் 32 பேர். இது வேதனையான கணக்கு. ஆனால் இதற்கான காரணங்கள் பாலில் இல்லை. கர்ப்பத்தில் தாய்க்குப் போதிய ஊட்டம் கிடைக்காததால் நிறை குறைந்து பிறப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகு வெறும் சோற்றுக் கஞ்சியும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுப்பது, சுத்தமில்லாத தண்ணீரால் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வருவது ஆகியவையே முக்கியமானவை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டும் கொடுப்பது கடைசிக் காரணத்தைத் தடுக்கிறது. பாலை நிறுத்தினால் மூன்றோடு நான்காவதாக ஒரு காரணத்தையும் நாமே சேர்த்தவர்களாவோம்.

முதல் மணித்தியாலத்திலிருந்து தொடங்குவோம். பிள்ளை பிறந்தவுடன் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் படுக்க வைத்தால் அதுவே மெல்ல மார்பைத் தேடும். ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் பால் கொடுத்துவிட வேண்டும். சிசேரியன் என்றாலும் தாய் விழிப்பாக இருந்தால் இது முடியும். பதுளை வைத்தியசாலையானாலும் தியத்தலாவையானாலும் தாதியரிடம் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் வருவது மஞ்சளான, கெட்டியான சீம்பால். அளவு தேக்கரண்டிக் கணக்கில்தான் இருக்கும். பிறந்த பிள்ளையின் இரைப்பையும் அவ்வளவு சின்னதுதான். நோயை எதிர்க்கும் பொருட்கள் அதில் நிரம்பியிருப்பதால் அது பிள்ளையின் குடலுக்குள் ஒரு பூச்சுப் போலப் படர்ந்து கிருமிகளைத் தடுக்கும். அதை 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டுவதும், பால் இறங்கும்வரை தேனில் சேனை தொட்டு வைப்பதும், சீனித் தண்ணி, கொத்தமல்லித் தண்ணி கொடுப்பதும் அன்பினால் செய்வதுதான். ஆனாலும் செய்யக் கூடாது. தேன் ஒரு வயதுவரை ஆபத்து: அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் பிள்ளையின் நரம்புகளை முடக்கிவிடும். மற்றத் தண்ணீர்கள் வயிற்றை நிரப்பிப் பிள்ளையின் பசியைக் கெடுக்கும். பசியில்லாத பிள்ளை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் பால் இறங்கப் பிந்தும். பிந்தினால் 'பால் இல்லை' என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தண்ணி கொடுப்பார்கள். முதல் வாரத்துப் 'பால் பத்தல' பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். பதுளை வெயிலிலும் பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை.

பிள்ளையை மார்பில் பிடிக்க வைக்கும் முறை சரியாக இல்லாவிட்டால் எத்தனை தடவை கொடுத்தாலும் பயன் குறைவு. லயத்துக் காம்பராவில் நாற்காலி இல்லாவிட்டால் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயில் உட்காருங்கள், மடியில் தலையணையோ மடித்த கம்பளியோ வையுங்கள். நீங்கள் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டு போகாமல் பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். அதன் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும், வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காம்பினால் அதன் மேலுதட்டைத் தொட்டால் வாயைத் திறக்கும். கொட்டாவி விடுவதுபோல அகலமாகத் திறக்கும்வரை பொறுத்து, உடனே அணைத்துக்கொள்ளுங்கள். காம்பு மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியும், முக்கியமாகக் கீழ்ப்பக்கம், வாய்க்குள் போக வேண்டும். நாடி மார்பில் படும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும், ஆழமாக உறிஞ்சி விழுங்கும் சத்தம் கேட்கும். முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் பிடி சரியில்லை என்று அர்த்தம். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி முயலுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குவது தாய்மையின் இலட்சணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காம்பில் வெடிப்பு வருவதற்கும், பால் கட்டுவதற்கும், பிள்ளை அரைவயிற்றோடு அழுவதற்கும் பெரும்பாலும் இந்தப் பிடிதான் காரணம். வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் கேட்க வேண்டிய முதல் உதவியும் இதுதான். முதல் பத்து நாளுக்குள் அவர் வரவில்லையென்றால் தோட்டத்து டிஸ்பென்சரி வழியாகவோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகவோ சொல்லி அனுப்புங்கள்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யக் கூடாது. பிள்ளை கூதலுக்கும் அழும், புகைக்கும் அழும், அணைப்பு வேண்டியும் அழும். மார்பு முதல் வாரங்களைப் போல விம்மி நிற்காமல் மெத்தென்று ஆனாலும் அது பால் வற்றிய அடையாளமல்ல; தேவைக்கேற்ற அளவுக்கு உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான். நம்பத்தக்க அடையாளங்கள் இரண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிர்நிறச் சிறுநீர் போக வேண்டும். நிறை, பிறந்த முதல் நாட்களில் சற்றுக் குறைந்தாலும், இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த அளவுக்குத் திரும்பி, பிறகு பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் உள்ள கோட்டோடு சேர்ந்து ஏற வேண்டும். இவை இரண்டும் சரியென்றால், அயலார் என்ன சொன்னாலும் உங்கள் பால் போதுகிறது. ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுப்பது இயல்பானது. நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளின் கதை கொஞ்சம் வேறு. அவை பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும். அவற்றை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். உறிஞ்சக் களைத்துப் போனால் பாலைக் கையால் பீய்ச்சிக் கோப்பையால் புகட்ட வேண்டும். ஹப்புத்தளைப் பக்கத்துக் கூதலுக்குத் தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாகக் கட்டி வைத்திருப்பதை விடச் சூடான இடம் வேறில்லை.

இனி, இந்த அத்தியாயத்தின் மையமான இடத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது 84 நாள் லீவு: பேறுக்கு முன் 14 நாள், பின் 70 நாள். 2018இல் செய்த திருத்தத்துக்கு முன், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த பேறுக்கு ஆறு வாரம்தான் கிடைத்தது. அந்த அநீதி நீங்கியது நல்லது. ஆனால் எழுபது நாள் என்பது பத்து வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆறு மாதம் இருபத்தாறு வாரம். நடுவில் பதினாறு வாரம் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தில் உள்ள பெண் 84 நாள் முழுச் சம்பளத்துக்குப் பிறகு அரைச் சம்பளத்திலும் சம்பளமில்லாமலும் லீவை நீட்டிக்கொள்ளலாம்; நாள்கூலிக்கு அந்த வசதி இல்லை. 2016 ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்குத் தாய்ப்பால் மட்டும் கிடைத்தது. உலகில் மிகச் சில நாடுகளே காட்டக்கூடிய பெருமையான கணக்கு இது. அந்தப் பெருமையில் தோட்டத்துத் தாய் தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்வது இந்தப் பதினாறு வாரத்தில்தான்.

அதே சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பலருக்கும் தெரியாத வழி. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இது சாப்பாட்டு இடைவேளைக்குப் புறம்பானது. இதை ஒரு நாளில் பொருத்திப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் விடும்போது ஒருமுறை, ஒன்பதரைக்கு முதல் இடைவேளையில் ஒருமுறை, பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டரைக்கு இரண்டாவது இடைவேளையில், நாலரைக்கு நிறுவை முடிந்து வந்ததும் ஒருமுறை. ஐந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு, இரண்டரை மணித்தியாலம்தான். பத்து வாரப் பிள்ளைக்கு இது போதும். பால்மாவோ, போத்தலோ, பீய்ச்சிய பாலோ கூட இல்லாமல் முழு வேலைநாளும் கழிந்துவிடும். இந்த இரண்டு இடைவேளைகளையும் எடுத்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். காலை ஏழுக்குப் பிறகு பன்னிரண்டு, பிறகு நாலரை. ஐந்து மணித்தியாலம் மார்பில் பால் தேங்கி நிற்கும், பிள்ளையும் பசியில் கிடக்கும். இரண்டு வாரம் இப்படிப் போனால் உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். மலைக்குப் போகத் தொடங்கியதும் வருகிற 'பால் பத்தல' இப்படித்தான் உண்டாகிறது. மெலிந்த உடம்பு இதற்குக் காரணமல்ல.

இதற்கு எழும் மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இடைவேளை எடுத்தால் கொழுந்து குறையும்; தோட்டம் கேட்கிற கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் விழும்; பிள்ளைக் காம்பராவோ கீழே, மலையோ தொங்கலில்; அரை மணித்தியாலம் ஏறி இறங்கவே சரி. எல்லாம் உண்மைதான். ஆனால் அரை மணித்தியாலம் என்பது சட்டம் வைத்த ஆகக் குறைந்த அளவு. அதற்கு மேல் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பாலூட்டும் தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்டிய மலைகளில் போடும்படி கணக்கப்பிள்ளையிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். ஒருத்தி தனியாகக் கேட்பதை விடத் தோட்டத்தில் உள்ள நான்கைந்து தாய்மார் சேர்ந்து, தொழிற்சங்கத் தலைவரோடு போய்க் கேட்பது நல்லது. இடைவேளை நேரத்துக்கு ஏற்பக் கிலோவைக் குறைத்துக் கணக்கிடச் சொல்வது நியாயமான கோரிக்கை. சட்டம் நேரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்துக்கான கொழுந்தைத் தாயிடமிருந்து பிடுங்கினால் கொடுத்ததற்கு என்ன பொருள்? நிர்வாகம் மறுத்தால் பதுளையில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். கேட்பதால் சங்கடம் வருமோ என்ற பயம் இயல்பானதுதான். அதனால்தான் இதைத் தாய்மார் மட்டும் சுமக்காமல் புருஷன், மாமியார், சங்கம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறேன்.

இடைவேளைக்கு இறங்கி வரவே முடியாத மலையில் வேலை என்றால் பாலைக் கையால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போங்கள். இதை லீவு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே பழகத் தொடங்க வேண்டும். முதல் நாளில் சில துளிதான் வரும், மனம் தளர வேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்புக்கு ஓர் அங்குலம் பின்னால் எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கம் அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுக்கவோ தோலில் தேய்க்கவோ வேண்டாம். விரல்களை மார்பைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கொதிநீரில் அவித்த, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் போதும், பம்ப் தேவையில்லை. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நான்கு மணித்தியாலம் வைத்திருக்கலாம். கொடுப்பதற்கு முன் அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கலாம். பிள்ளைக் காம்பரா ஆயாவிடம் போத்தலில் கொடுக்க வேண்டாம், சின்னக் கோப்பையால் புகட்டுங்கள் என்று சொல்லுங்கள். போத்தல் முலையைக் கழுவுவது கடினம், அதற்குப் பழகிய பிள்ளை மார்பில் பிடிக்கவும் தடுமாறும். மலையில் மார்பு கனத்தால் மறைவாக நின்று கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள். அந்தப் பால் வீண்தான், ஆனால் அடுத்த பாலைக் காப்பாற்றும். பிள்ளையைத் தூக்குமுன் படங்கைக் கழற்றி, கையையும் மார்பையும் கழுவிக்கொள்ளுங்கள், முக்கியமாக மருந்தடித்த மலையிலிருந்து வந்தால்.

பால்மாவைப் பற்றி. 'டவுனில் படித்தவர்களும் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் வளரவில்லையா?' என்பார்கள். பெலாருஸ் நாட்டில் 1996, 97 ஆண்டுகளில் பதினேழாயிரம் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. தாய்ப்பாலூட்ட நல்ல உதவி கொடுத்த வைத்தியசாலைகளில் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் வயிற்றுத் தொற்று வந்தது நூற்றுக்கு 9 பேருக்கு. மற்ற இடங்களில் 13 பேருக்கு. சுத்தமான குழாய்த் தண்ணீரும் நல்ல வைத்தியமும் உள்ள நாட்டிலேயே இந்த வித்தியாசம். பீலியிலிருந்து குடத்தில் எடுத்து, விறகடுப்பில் சுடவைத்து, ஒரே காம்பராவில் சமைத்துப் படுக்கும் வீட்டில் வித்தியாசம் எவ்வளவு கூடும் என்று சொல்லவே தேவையில்லை. பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லிலீற்றர் பால் வேண்டும். அதைக் கரைக்க நூறு கிராம் அளவுக்குக் குழந்தைப் பால்மா வேண்டும். 400 கிராம் பெட்டி நான்கு நாள்; மாதத்துக்கு ஏழெட்டுப் பெட்டி. கடையில் விலையைக் கேட்டுப் பெருக்கி, இடைவேளைக்குப் போனால் குறையும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாமல்தான் தண்ணீர் கூட்டிக் கரைப்பதும், பெரியவர்கள் தேத்தண்ணிக்குப் போடும் பால்மாவைப் பிள்ளைக்குக் கொடுப்பதும் நடக்கிறது. இரண்டும் ஆபத்து. பெரியவர்களின் பால்மா ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உரியதே அல்ல. 1981இல் உலக சுகாதாரப் பேரவை பால்மா விற்பனைக்கு விதி வகுத்ததும் 1983லேயே இலங்கை தன் விதிக்கோவையைக் கொண்டுவந்தது சும்மா அல்ல. கிளினிக்கிலோ வைத்தியசாலையிலோ யாரும் உங்களிடம் ஒரு கொம்பனிப் பால்மாவைப் புகழ்ந்து பேசக் கூடாது.

பால் பத்தாது என்ற பயம் மண்சரிவு, வெள்ளக் காலங்களில் பெருகும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதும் தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்க நேர்ந்தது. ஊவாவின் மழைக்காலத்தில் இப்படி வீட்டை விட்டு ஓட வேண்டியது புதிதல்ல. அதிர்ச்சியால் பால் இறங்குவது சில மணித்தியாலம் தடைப்படலாம், சுரப்பு நின்றுவிடாது. பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடிக்கடி கொடுத்தால் இறங்கிவிடும். முகாமில் இருக்கும் தண்ணீரில் கரைத்த பால்மாதான் அங்கே பெரிய ஆபத்து. நல்ல மனதோடு பெட்டி கொண்டுவருபவர்களிடம், தாய்மாருக்குச் சாப்பாடும் மறைவான ஓர் இடமும் தேவை என்று சொல்லுங்கள்.

சின்னச் சின்ன நம்பிக்கைகள் சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். மழையில் நனைந்து வந்த தாயின் பால் குளிர்ந்து பிள்ளைக்குச் சளி கட்டாது. பால் உடம்பின் சூட்டில்தான் இருக்கும். ஈரத்துணியை மாற்றிவிட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல், தடிமன் என்றாலும் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும்; நோய்க்கெதிரான பொருள் பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது; ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். திரிபோஷா சத்துமா கிடைத்தால் அது உங்களுக்கானது, வீட்டில் எல்லோருக்கும் பங்கிடுவதற்கல்ல. வெற்றிலையோடு போடும் புகையிலை பாலில் இறங்கும், அதை விட்டுவிட வேண்டும். படுத்தபடி பால் கொடுக்கலாம், ஆனால் குடித்துவிட்டு வந்தவர் படுத்திருக்கும் பாயில் பிள்ளையைப் போட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் சிலருக்குப் பால் போதாமல் போகலாம். சில நோய்கள், மார்பில் செய்த சத்திரசிகிச்சை, சில மருந்துகள் காரணமாகச் சில தாய்மாருக்குப் பாலூட்ட முடியாது, அல்லது கூடாது. அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பக்கத்துக் காம்பராக்காரர் அல்ல. வைத்தியர் பால்மா எழுதிக் கொடுத்தால் குற்ற உணர்ச்சியின்றி, சொன்ன அளவில், கொதித்த தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பிள்ளை குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், காய்ச்சலோ வேகமான மூச்சோ இருந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாகத் தெரிந்தால், சிறுநீர் குறைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். தாயின் மார்பு சிவந்து, கட்டியாகி, காய்ச்சலடித்தாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். அப்போதும் அந்த மார்பில் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டி மோசமாகும். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமின்றி அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாமை இருந்தால் அதுவும் வைத்தியம் செய்ய வேண்டிய ஒரு நோய்தான். மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆறு மாதம் நிறைந்ததும் மசித்த சோறு, பருப்பு, கீரை, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகக் கெட்டியாகத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு அப்பாலும் தொடரலாம். பலர் ஆறு மாதத்தோடு பாலூட்டும் இடைவேளையும் முடிந்துவிட்டது என்று நினைத்து மலையிலேயே நின்றுவிடுகிறார்கள், சில இடங்களில் அப்படித்தான் சொல்லியும் விடுகிறார்கள். சட்டம் சொல்வது ஒரு வயதுவரை. பிள்ளை பிறந்த திகதி பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இடைவேளையை யாராவது மறுத்தால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.